சடுகுடுவும் சின்னத்திரையும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் நம் செயலாளர் போன் பண்ணினார். "அண்ணே, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல பி.டி. மாஸ்டரா இருந்தவரு. விளையாட்டைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "எந்த விளையாட்டைப் பத்தி?" என்று கேட்டேன். "அது உங்க இஷ்டம். ஆனா சங்கத்துல ஒரு மின்னொளி கபடிப் போட்டி நடத்தறதா யோசனை இருக்கு. கேமரா வெச்சு நேரலையா காட்டப் போறோம். அதையும் மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார்.

ஆகவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு: ஒன்று கபடி, மற்றொன்று டி.வி. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன, சேர்ந்ததால் யாருக்கு என்ன கிடைத்தது, நம் கல்லூரிக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மண்ணில் ஆடிய காலம்

நான் இங்கே படித்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது எங்களுக்கு அது கபடி இல்லை, சடுகுடு. காஞ்சிபுரத்துப் பையன்களில் பாதிப் பேர் வீட்டில் தறி இருக்கும். பகலெல்லாம் குழித்தறியில் கால் மிதித்துவிட்டு, சாயங்காலம் பாவு நனைக்கிற வேலையும் முடிந்த பிறகுதான் மைதானத்துக்கு வருவார்கள். தறி மிதித்த கால் என்றால் சும்மாவா? பிடித்தால் விடாது. பாலாற்றங்கரைப் பக்கத்து ஊர்ப் பையன்கள் மணலில் ஓடிப் பழகியவர்கள். அவர்களுக்கும் பட்டுத் தெருப் பையன்களுக்கும் ஆட்டம் நடந்தால் கூட்டம் தானாகச் சேரும். நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை.

கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் சாம்பல். அதுவும் இல்லாவிட்டால் குதிகாலால் இழுத்த கோடு. பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் பாட வேண்டும். மூச்சு விட்டால் அவுட். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டை வைத்தே, இருட்டிலும் யார் பாடிப் போகிறான் என்று சொல்லிவிடலாம்.

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சுற்றுவட்டார ஊர்களில் போட்டி நடக்கும். பிறகு டியூப் லைட் கட்டி இரவுப் போட்டி வந்தது. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்ற போஸ்டரை இன்றைக்கும் நம் பக்கத்துச் சுவர்களில் பார்க்கலாம். பரிசு ஒரு கோப்பை, கொஞ்சம் ரொக்கம், சில ஊர்களில் ஆட்டுக்கிடா. கிடா ஜெயித்த அணி அன்றைக்கே அதைத் தீர்த்துவிடும்!

தொழில்முறை ஆட்டம் என்ற பேச்சே அப்போது கிடையாது. கபடியால் ஒருவன் பிழைக்க முடியும் என்றால் அது வேலை வழியாகத்தான். ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி, வருமான வரித்துறை என்று அணி வைத்திருந்த இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். ஆட்டம் தெரிந்தவன் வீட்டில் அம்மா சாமி கும்பிடுவதே அதற்காகத்தான்.

ஊரறிந்த ஆட்டம், திரை அறியாத ஆட்டம்

1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது மகாராஷ்டிரத்து அமராவதியிலிருந்து போன ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் நம் கபடியை வெளிநாட்டார் முன்னால் ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்திய கபடிச் சம்மேளனம் ஏற்பட்டது. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் கபடிக்கு இடம் கிடைத்தது. ஆனால் பதக்கம் இல்லாத காட்சி ஆட்டமாக மட்டும். நம் நாட்டில் கலர் டி.வி. வந்ததும் அதே 1982இல், அந்த ஆசிய விளையாட்டை ஒட்டித்தான். நாட்டுக்கே வண்ணத்தில் விளையாட்டுக் காட்டிய நாளில் நம் ஊர் ஆட்டம் விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றது.

1990 பெய்ஜிங்கில்தான் கபடி பதக்க ஆட்டமானது. இந்தியா தங்கம் வாங்கியது. அன்று முதல் 2014 வரை ஆண்கள் தங்கம் ஒரு முறைகூட வேறு நாட்டுக்குப் போகவில்லை. 2010இல் குவாங்சௌவில் பெண்கள் கபடியும் சேர்ந்தது, அதிலும் தங்கம். 1994 ஹிரோஷிமா தங்க அணியில் நம் தமிழ்நாட்டு மணத்தி கணேசன் இருந்தார். 1995ஆம் ஆண்டு அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த நாளில் அவருடைய ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவர் வாழ்க்கையைத் தழுவி 'பைசன்' என்று ஒரு படம் 2025இல் வந்த பிறகுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

சினிமாக்காரர்கள் டி.வி.க்காரர்களுக்கு முன்னாலேயே இந்த ஆட்டத்தின் ருசியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2004இல் 'கில்லி', 2009இல் 'வெண்ணிலா கபடிக் குழு'. தியேட்டரில் விசில் பறந்தது. மைதானத்தில் மட்டும் ஸ்பான்சர் இல்லை.

கடல் தாண்டி ஒரு கதை

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் மகள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை என்னை டென்பின் பவுலிங் ஆடுகிற இடத்துக்கு அழைத்துப் போனார். சென்னையில் மால்களுக்குப் போகிற தம்பிகளுக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்கும். அறுபது அடி நீளத்து மரப்பாதை, அந்தக் கடைசியில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகள், கனமான உருண்டையை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். ஒரு கட்டையையும் விடாமல் தொடர்ந்து பன்னிரண்டு முறை முதல் வீச்சிலேயே சாய்த்தால் 300 மதிப்பெண். அதற்கு மேல் கிடையாது.

ஒரு வயதானவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சனிக்கிழமை மத்தியானம் ஆனா எங்க வீட்டுல எல்லாரும் டி.வி. முன்னாடிதான்" என்று பழைய கதையைச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அதே ஒஹையோவில் ஏக்ரன் என்று ஒரு ஊர். அங்கே எடி எலியாஸ் என்ற வழக்கறிஞர் 1958இல் நல்ல ஆட்டக்காரர்களைக் கூட்டி, "நீங்கள் சேர்ந்து ஒரு தொழில்முறைச் சங்கம் வைத்தால் டி.வி.க்கு ஆட்டத்தைக் கொண்டுபோகலாம்" என்றார். 33 பேர் தலைக்கு 50 டாலர் போட்டார்கள். சீட்டுக் கட்டுகிற மாதிரிதான்! அதுதான் பி.பி.ஏ. என்கிற தொழில்முறை பவுலிங் சங்கம். 1959இல் மூன்றே போட்டிகள். மூன்றுக்கும் சேர்த்துப் பரிசு 49,500 டாலர்.

1962 முதல் ஏ.பி.சி. தொலைக்காட்சி சனிக்கிழமைகளில் இதை ஒளிபரப்பத் தொடங்கியது. கிரிஸ் ஷெங்கல் என்பவரின் வர்ணனை வீட்டுக்கு வீடு கேட்டது. டி.வி.க்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. ஆடுமிடம் சின்னது. கூரைக்குக் கீழே நடப்பதால் மழையும் இல்லை, இருட்டும் இல்லை. இரண்டு மூன்று கேமரா போதும். ஆட்டக்காரன் முகத்தைப் பக்கத்தில் காட்டலாம்.

இன்னொன்றும் செய்தார்கள். நாள் கணக்கில் நூறு பேர் ஆடுகிற போட்டியை எப்படிக் காட்டுவது? மேலே வந்த ஐந்து பேரை மட்டும் திரைக்குக் கொண்டுவந்து, ஐந்தாவது ஆளும் நாலாவது ஆளும் மோத, ஜெயித்தவன் மூன்றாவது ஆளோடு மோத, இப்படி ஏணிப்படி ஏறுகிற மாதிரி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்தார்கள். ஆட்டத்தின் முறையே டி.வி. நேரத்துக்காக வெட்டித் தைக்கப்பட்டது.

பணமும் வந்தது. டான் கார்ட்டர் என்ற ஆட்டக்காரர் 1964இல் ஒரு பவுலிங் பந்துக் கம்பெனியோடு பத்து லட்சம் டாலர் விளம்பர ஒப்பந்தம் போட்டார். எந்த விளையாட்டிலும் அதற்கு முன் அப்படி ஒப்பந்தம் இருந்ததில்லை என்பார்கள். 1967இல் ஜாக் பியோண்டோலிலோ நேரடி ஒளிபரப்பிலேயே 300 எடுத்தார். 1975இல் எர்ல் ஆண்டனி ஒரே பருவத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பரிசு சம்பாதித்த முதல் பவுலர் ஆனார்.

பிறகு என்ன ஆயிற்று? 1997இல் ஏ.பி.சி. அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. முப்பத்தைந்து வருஷத்து உறவு முடிந்தது. மூன்றே வருஷத்தில் சங்கமே விலைக்கு வந்து, 2000இல் மைக்ரோசாஃப்ட்டில் முன்பு வேலை பார்த்த மூன்று பேர் அதை 50 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பிறகு வேறு சேனல்கள் வந்தன, ஆட்டமும் தொடர்கிறது. ஆனால் அந்தப் பழைய சனிக்கிழமை திரும்பவில்லை.

இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பாருங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் புட்னம் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். 1980க்கும் 1993க்கும் நடுவில் அமெரிக்காவில் பவுலிங் ஆடுகிறவர்கள் 10 சதவீதம் கூடினார்கள். ஆனால் வாரா வாரம் அணி சேர்ந்து லீக்கில் ஆடுவது 40 சதவீதம் குறைந்தது. அதாவது, பொழுதுபோக்க வந்து உருண்டை உருட்டியவர்கள் அதிகம்; தெருவுக்கு ஒரு அணி, வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்று கூடியவர்கள் குறைவு. டி.வி. போனதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. சேனல் போனபோது ஆட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அந்தக் கூட்டம் ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன்.

நம் ஆட்டம் திரைக்கு வந்தது

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் கபடிக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்து வியந்தவர் வர்ணனையாளர் சாரு சர்மா. அவரும் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவும் சேர்ந்து மஷால் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மூலம் புரோ கபடி லீக்கைத் தொடங்கினார்கள். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்பியது. 2014 ஜூலை 26ஆம் தேதி மும்பையில் முதல் ஆட்டம். எட்டு அணிகள். அந்தப் பருவத்தை 43.5 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்குச் சொன்னார்கள். ஐ.பி.எல். கிரிக்கெட்டுக்கு அடுத்த இடம்! ஆட்டுக்கிடாவுக்கு ஆடிய ஆட்டமய்யா இது!

ஏன் பிடித்தது? பவுலிங்குக்குச் சொன்ன அதே காரணங்கள்தான். 13 மீட்டருக்கு 10 மீட்டர் இடம். ஒரு கேமராவுக்குள் முழுக் களமும் அடங்கும். உள்ளரங்கு, விளக்கு. இருபது நிமிஷம், இடைவேளை, மறுபடி இருபது நிமிஷம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்.

இங்கேயும் டி.வி.க்காக வெட்டித் தைத்தார்கள். மூச்சைக் கொண்டு அளந்த ரெய்டை 30 விநாடிக் கடிகாரம் கொண்டு அளந்தார்கள். இரண்டு ரெய்டு தொடர்ந்து வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வெளியே. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது எதிரியைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. சும்மா கோட்டைத் தொட்டுவிட்டு வந்து நேரம் கடத்துகிற வேலையெல்லாம் நின்றது. பழைய ஆட்டக்காரர்கள் சிலர், "மூச்சு போச்சு, ஆட்டமும் போச்சு" என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பாட்டுகளை நினைத்தால் ஏக்கம்தான். ஆனால் நடுவராக நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: ஒருவன் மூச்சு விட்டானா இல்லையா என்று நடந்த சண்டைகளில் பாதி, கடிகாரம் வந்ததும் தீர்ந்துபோயிற்று.

பணத்தைப் பாருங்கள். 2014 முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம் ரூபாய். 2018இல் ஒரு கோடி தாண்டியது. 2023 ஏலத்தில் பவன் ஷெராவத்துக்கு 2.605 கோடி. ஒன்பது வருஷத்தில் இருபது மடங்கு! நம் பட்டுச் சேலை விலைகூட அப்படி ஏறவில்லை. அரசு வேலைதான் ஒரே கதி என்று இருந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஆட்களும் அந்த வாசலில் நுழைந்தார்கள். தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன், நாற்பதைத் தாண்டிய வயதில், 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராக நின்று கோப்பையை வாங்கினார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. தமிழ் வர்ணனை வந்தது. 2025இல் நடந்த 12ஆவது பருவத்தில் சென்னையும் ஒரு களம். எங்கள் தெருப் பாட்டிக்குக்கூட 'சூப்பர் டேக்கிள்' தெரியும்!

திரைக்கு வெளியே நிற்பவர்கள்

இத்தனை நல்லதைச் சொன்ன நான் மற்றதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, தமிழ் தலைவாஸ் என்று பெயர் இருந்தாலும், பெரிய விலைக்கு எடுக்கப்பட்ட பலர் வட மாநிலத்தவர்கள். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் அரியானாவில் ஊருக்கு ஊர் பயிற்சிக் களமும் மேட்டும் இருக்கிறது. ஏலத்துக்கு ஆள் அங்கிருந்து வருவதில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவது, பெண்கள். 2016இல் புரோ கபடியோடு சேர்த்து மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். ஜூலை 31ஆம் தேதி ஹைதராபாத்தில் இறுதி ஆட்டம். 24க்கு 23, ஒரே புள்ளி வித்தியாசம்! அப்படி ஒரு ஆட்டம் பார்த்த பிறகும், அடுத்த வருஷம் புரோ கபடியோடு அது தொடரவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். பெண்களின் தொழில்முறை பவுலிங் சுற்று 2003இல் நின்று, 2015இல்தான் மறுபடி உயிர்பெற்றது. இடையில் 2010இல் கெல்லி குலிக் என்ற பெண், ஆண்களோடு ஆடி அவர்களுடைய சாம்பியன்கள் போட்டியையே ஜெயித்துக் காட்டினார். திறமைக்குப் பஞ்சம் இல்லை. நின்று ஆட மேடைதான் இல்லை.

மூன்றாவது, டி.வி. நம்மைத் தாலாட்டிக்கொண்டிருந்தபோதே 2018 ஜகார்த்தாவில் ஈரான் நம் ஆண்களை அரையிறுதியிலும் பெண்களை இறுதியிலும் வீழ்த்திவிட்டது. ஆண்களுக்கு 18-27, பெண்களுக்கு 24-27. அடுத்த ஆசிய விளையாட்டில், 2023இல் ஹாங்சௌவில், இரண்டு தங்கத்தையும் மீட்டோம். பெண்கள் ஜெயித்தது 26-25 என்று, உயிர்போகிற ஒரு புள்ளியில்!

இனி நம் பக்கத்துக் கதை. சென்னைக் கண்ணகி நகர், நகரத்தின் பல இடங்களிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடம். அங்கே ஒரு பயிற்சியாளர் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணிக்குத் துணைத்தலைவராகப் போய்த் தங்கத்தோடு திரும்பினார். இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று ஜெயித்தார்கள். அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் வடுவூர்ப் பையன் அபினேஷ் இருந்தார். தமிழக அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்துப் பாராட்டியது. கேமராக்கள் கண்ணகி நகருக்கு வந்தது தங்கம் வந்த பிறகுதான். அதற்கு முன்னால் பல வருஷம் அங்கே இருந்தது ஒரு களம், ஒரு பயிற்சியாளர், தினமும் மாலையில் வந்த பிள்ளைகள்.

நம் மைதானத்துக்கு வருவோம்

இந்தக் கூட்டத்துக்கு என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு, போன வாரம் நம் மைதானத்தைப் பார்க்க வந்தேன். நாங்கள் ஆடிய இடத்தில் பாதி இப்போது டூ வீலர் நிறுத்துமிடம். மீதிப் பாதியில் ஏழெட்டுத் தங்கைகள் மண்ணில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்பா பிள்ளையார்பாளையத்தில் நெசவு. "செலக்‌ஷனுக்குப் போனியாம்மா?" என்றேன்.

"போனேன் சார். அங்க எல்லாம் மேட்லதான் வெக்கிறாங்க. நாங்க மேட் ஷூ போட்டதே இல்ல. மண்ணுல பழகின காலு அங்க நிக்க மாட்டேங்குது சார். மத்த காலேஜ் பொண்ணுங்க எல்லாம் தினமும் மேட்ல ஆடிட்டு வர்றாங்க" என்றாள்.

"ஒரு மாசம் மேட் கெடைச்சா?" என்றேன்.

"ஒரு மாசம் போதும் சார்!" என்றாள். அவ்வளவு தெம்பு.

நண்பர்களே, சங்கத்தின் யோசனையை நான் எதிர்க்கவில்லை. மின்னொளிப் போட்டி நடக்கட்டும். கேமராவும் வரட்டும். துபாயிலும் டெட்ராய்ட்டிலும் இருக்கிற நம் ஆட்கள் போனில் பார்த்துச் சந்தோஷப்படட்டும். ஆனால் பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். சரிகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாவு இல்லாமல் தறியில் என்ன நெய்வீர்கள்? ஒரு நாள் ராத்திரி விளக்குக்கும் பந்தலுக்கும் கேமராவுக்கும் போடுகிற பணம் மறுநாள் காலையில் தீர்ந்துவிடும். அதே பணத்தில் ஒரு பகுதி இந்த மைதானத்தில் தங்கட்டும்.

என் வேண்டுகோள் நான்கு. ஒன்று, முதல் செலவாக ஒரு மேட். பிரித்துச் சேர்க்கிற துண்டுகளாகத்தான் வருகிறது. ஒரு மூலை அறையில் அடுக்கிவைக்கலாம். போட்டி அன்றைக்கும் அதுவே உதவும். இரண்டு, அந்த ஒரு நாள் விளக்கை வாடகைக்கு எடுக்காமல் நிரந்தரமாக நான்கு கம்பம். பகுதிநேர வேலைக்கும் தறிக்கும் போய்விட்டு வருகிற பிள்ளைகள் ஏழு மணிக்கு மேல்தான் ஆட முடியும். மூன்று, பெண்கள் அணிக்கென்று ஒரு பயிற்சியாளர், வாரத்துக்கு மூன்று மாலை. அதற்கான ஊதியத்தை நம் எழுபதுகளின் செட் ஏற்றுக்கொள்ளும். இதை என் நண்பர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். வேண்டுமானால் அவர்கள் இப்போது கையைத் தூக்கட்டும்! நான்கு, மின்னொளிப் போட்டியில் பெண்கள் ஆட்டம் முதலில் நடக்கும் 'துணை ஆட்டமாக' இருக்கக் கூடாது. கூட்டம் நிறைந்து, கேமரா ஓடுகிற எட்டு மணிக்கு அது நடக்கட்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. டி.வி.யில் வருகிற ஆட்டக்காரரைப் போல முடி வெட்டிக்கொள்வது தப்பில்லை. ஆனால் சாயங்காலம் மைதானத்துக்கு வாருங்கள். ஏழு பேர் எதிரில் நிற்கும்போது தனியாகக் கோட்டைத் தாண்டிப் போய், தொட்டுவிட்டு, உயிரோடு திரும்பி வருவது என்பது வாழ்க்கைக்கே நல்ல பயிற்சி. அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கபடி இருக்கிறது, லீக் ஏலம் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு கதவுதான். உங்களுக்கு மூன்று கதவு திறந்திருக்கிறது. எந்தக் கதவுக்கும் இந்த மைதானம் வழியாகத்தான் போக வேண்டும்.

பெற்றோர் சிலரும் வந்திருக்கிறீர்கள். "பொம்பளப் பிள்ளை கபடி ஆடினா கை கால் போயிடும்" என்று சொல்லாதீர்கள். சர்வதேசப் போட்டியில் ஆடி, பயிற்சியாளராகவும் உயர்ந்த நம் தமிழ்நாட்டுக் கவிதா செல்வராஜுக்கு 2023ஆம் ஆண்டு தியான்சந்த் வாழ்நாள் சாதனை விருது கிடைத்திருக்கிறது. அந்த வரிசையில் ஒரு காஞ்சிபுரத்துப் பெண்ணும் வரட்டுமே.

செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். அந்தக் கூட்டத்தின் முதல் பொருளாக மேட்டை வையுங்கள் என்று தலைவரையும் செயலாளரையும் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். வாங்கி விரிக்கிற அன்று சொல்லியனுப்புங்கள். விசிலோடு வந்து நிற்கிறேன். முதல் ஆட்டத்துக்கு நடுவர் கூலி வேண்டாம், ஒரு டம்ளர் காப்பி போதும்!